தெற்குப் பக்கத்து வரிசைகள்

பங்கு பிரித்தவள் ஓதீல்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் அவள் வாயிலிருந்து இது வராது.

அவர்கள் குடும்பத்தில் பரம்பரையாக ஒரு வழக்கம். திராட்சைத் தோட்டம் இரண்டாகப் பிரிய வேண்டுமென்றால் ஒருவர் பிரிக்க வேண்டும், மற்றவர் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ள வேண்டும். பிரிக்கிறவருக்கு எடுக்கும் உரிமை கிடையாது. ஆகவே அவர் சமமாகத்தான் பிரிப்பார் என்பது பெரியவர்கள் போட்ட கணக்கு. அப்பா படுக்கையில் விழுந்த வருடம் மெர்ல் என்ற அவர்களுடைய தோட்டச் சரிவு அப்படித்தான் பிரிந்தது. மூத்தவள் ஓதீல் ஒரு நாள் முழுக்கச் சரிவில் ஏறி இறங்கினாள். கொடிகளின் அடியைத் தட்டிப் பார்த்தாள். மண்ணை எடுத்து விரலில் நசுக்கிப் பார்த்தாள். கடைசியில் நடுவே ஒரு கம்பம் நட்டு, வடக்கே பாதி, தெற்கே பாதி என்றாள். எது வந்தாலும் தனக்குச் சம்மதம் என்று அப்பாவிடம் சொன்னாள். அப்போது அது உண்மையும்கூட.

இளையவள் சொலேன் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. தெற்குப் பக்கத்தை எடுத்துக்கொள்கிறேன் என்றாள்.

அவள் சொன்ன அந்த விநாடியில் தெற்குப் பக்கம் நல்ல பக்கமாகிவிட்டது. அதுவரை ஓதீலின் கண்ணுக்குத் தெரியாமலிருந்த பல சங்கதிகள் அன்று சாயங்காலத்துக்குள் தெரிய ஆரம்பித்தன. காலை வெயில் முதலில் விழுவது தெற்கில். மலையிடுக்கிலிருந்து வரும் குளிர்காற்று அடிப்பது வடக்கில். மழை பெய்தால் தெற்கில் தண்ணீர் வடிந்து ஓடிவிடும், வடக்கில் தங்கும். இத்தனையும் தெரிந்துதான் இந்தக் கள்ளி கையை நீட்டியிருக்கிறாள், நான்தான் ஏமாந்த சோணகிரி என்று தன் கணவன் அஷீலிடம் புலம்பினாள். பிரித்தது நீதானே என்று அவன் கேட்டான். அவளுக்குக் கோபம்தான் வந்தது.

அதற்கப்புறம் பதினோரு அறுவடை போயிற்று. சொலேனின் மெர்ல் ஒயினுக்கு மெல்ல மெல்லப் பெயர் வந்தது. முதலில் போன் நகரத்து உணவகம் ஒன்று கேட்டு வாங்கியது, பிறகு பாரிஸிலிருந்து வந்தார்கள், பிறகு எங்கிருந்தெல்லாமோ வந்தார்கள். ஓதீலின் ஒயினும் விற்காமல் நின்றதில்லை. பர்கண்டியில் சுமாரான ஒயினும் விற்கத்தான் செய்யும். ஆனால் அதைக் குடித்தவர்கள் நாக்கைச் சப்புக் கொட்டவில்லை. கொஞ்சம் துவர்ப்பாக இருக்கிறது, இன்னும் சில காலம் போகட்டும் என்றார்கள். போய்க்கொண்டே இருந்தது.

ஒவ்வொரு வசந்தத்திலும் தரகர் புவாசோ போன் நகரத்திலிருந்து வருவார். வீடு வீடாக நிலவறைக்குள் இறங்கி, பீப்பாயிலிருந்து எடுத்துச் சுவைத்துப் பார்த்து, எது எப்படி என்று வியாபாரிகளுக்குச் சொல்வது அவர் தொழில். அவர் கோப்பையை மூக்கருகே கொண்டுபோகும் முன்பே ஓதீல் ஆரம்பித்துவிடுவாள். எங்க பக்கம் வடக்கு, காற்று அடிக்கும், என்ன செய்தாலும் இவ்வளவுதான் வரும், தெற்கு கிடைத்தவர்களுக்கு என்ன கவலை. புவாசோ தங்கமான மனிதர். தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். கேட்டுக் கேட்டு அவரும் அதை நம்பிவிட்டார், ஊரும் பாதி நம்பியது.

நம்பாதவன் அஷீல் ஒருவன்தான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று ஒருமுறை சாப்பாட்டு மேசையில் வாய்தவறிச் சொல்லிவிட்டான். அந்த வாரம் முழுக்க அவனுக்குச் சூப் ஆறித்தான் வந்தது.

ஓதீல் சோம்பேறி இல்லை. அதுதான் கொடுமை. தங்கையைவிட இரண்டு மடங்கு உழைத்தாள். தங்கை என்ன செய்கிறாள் என்று பார்ப்பாள், அதையே இன்னும் அதிகமாகச் செய்வாள். சொலேன் பறிக்கத் தொடங்கிய மறுநாள் இவளும் தொடங்குவாள். தொட்டியில் திராட்சை புளித்து நுரைத்துக் கொதித்து, தோல்கள் மேலே திரண்டு மிதக்கும்போது, சொலேன் அவற்றைக் காலையும் மாலையும் அமுக்கிவிடுகிறாள் என்று கேள்விப்பட்டால், இவள் மத்தியானமும் சாப்பாட்டுக்கு முன்னும் சேர்த்து அமுக்குவாள். சொலேன் பழைய பீப்பாயில் ஊற்றினால் இவள் புதுப் பீப்பாய் வாங்குவாள். இவ்வளவுக்கும் பிறகு தங்கையின் ஒயின் நன்றாயிருந்தால், காரணம் மண்ணாகத்தானே இருக்க வேண்டும்? வேறு என்னவாக இருக்க முடியும்? இந்தக் கேள்வியின் மேல்தான் அவள் காலூன்றி நின்றாள். அது நழுவினால் அவளுக்கு நிற்க இடம் கிடையாது.

இனி அந்த மூடுபனி நாளுக்கு வருகிறேன்.

மெர்ல் சரிவில் சுவரும் கிடையாது, வேலியும் கிடையாது. எங்கள் ஊரில் யாரும் போடுவதில்லை. வரிசைத் தலைப்பில் இருக்கும் கம்பத்தில் அவரவர் வண்ணம் பூசியிருப்பார்கள், அதுதான் எல்லை. ஓதீலுக்கு நீலம், சொலேனுக்கு வெள்ளை. அதற்கு முந்தின குளிர்காலத்தில் ஓதீல் தன் பக்கத்துக் கம்பங்கள் உளுத்துப்போய்விட்டன என்று மாற்றினாள். பூசலாம், பூசலாம் என்று அறுவடையும் வந்துவிட்டது. கம்பங்கள் மொட்டையாக நின்றன.

செப்டம்பர் கடைசியில் ஒரு நாள், சொலேன் வீட்டு முற்றத்தில் பெட்டிகளைக் கழுவி அடுக்கும் சத்தம் கேட்டது. நாளைக்கு மெர்லில் பறிப்பு என்று ஓதீல் தெரிந்துகொண்டாள். மறுநாள் விடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு மேட்டுப் பாதையில் ஏறினாள். அது அவளுடைய வருடாந்திர வேண்டுதல் மாதிரி. பாதையோரம் நிறுத்திவிட்டு, தங்கையின் ஆட்கள் எந்தக் குலையை வெட்டுகிறார்கள், எதைக் கழித்துப் போடுகிறார்கள் என்று கொஞ்ச நேரம் பார்த்து வயிறெரிந்துவிட்டுத்தான் திரும்புவாள்.

அன்று பார்க்க ஒன்றுமில்லை. அப்படி ஒரு பனி. கத்தரிகளின் சத்தமும் பறிப்புக் கூலிக்கு வந்த யாரோ ஒரு மாணவி பாடுவதும் மட்டும் கேட்டன. ஓதீல் இறங்கி நாலடி நடந்தாள். பனிக்குள்ளிருந்து சிவப்புச் சட்டை போட்ட ஒரு பெண்ணின் குனிந்த முதுகு தெரிந்தது. அவள் குனிந்திருந்த கொடி, அடியில் இரண்டாகப் பிளந்து மறுபடி ஒட்டிய பழைய கொடி. அதைக் கவாத்து செய்யும்போது ஓதீலின் சட்டைக் கை கிழிந்திருக்கிறது. அது தெற்குப் பக்கத்துக் கொடி இல்லை.

எல்லைக் கம்பத்திலிருந்து வலது பக்கம் போக வேண்டியவர்கள் இடது பக்கம் போயிருக்கிறார்கள். ஓதீலின் திராட்சை ஓதீலின் கண்ணெதிரே சொலேனின் பெட்டிகளில் விழுந்துகொண்டிருந்தது.

வாயைத் திறந்தாள். "நிறுத்துங்க" என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றது.

ஏனென்றால் இப்படி நடப்பது எங்கள் பக்கத்தில் புதிதில்லை. பனியிலோ அவசரத்திலோ அடுத்தவர் வரிசையில் கத்தரி வைப்பது அவ்வப்போது நடக்கும். அதற்கு யாரும் போலீசுக்குப் போவதில்லை. வெட்டிய குலையைக் கொடியில் ஒட்ட முடியாது, தொட்டியில் விழுந்ததைப் பிரிக்க முடியாது. வரிசைக்கு வரிசை என்பதுதான் முறை. எவ்வளவு போயிற்றோ அவ்வளவை, பறிகொடுத்தவர் மற்றவரின் பக்கத்தில் பறித்துக்கொள்வார். இரண்டு பேரும் ஒரு கோப்பை குடித்துச் சிரித்துவிட்டுப் போவார்கள்.

வரிசைக்கு வரிசை. அப்படியென்றால் தெற்கு.

ஓதீல் வாயை மூடிக்கொண்டாள். வந்த வழியே வண்டிக்குத் திரும்பினாள். இயந்திரத்தை முடுக்கினால் சத்தம் கேட்கும் என்று பிரேக்கைத் தளர்த்தி, பள்ளத்தில் வண்டியைத் தானாக உருளவிட்டுக் கீழே வந்து சேர்ந்தாள். நேராக ரொட்டிக் கடைக்குப் போனாள். வரிசையில் தனக்குப் பின்னால் நின்றவர்களையெல்லாம் நீங்க வாங்கிக்கங்க, எனக்கு அவசரமில்லை என்று முன்னே அனுப்பினாள். கடைக்காரியின் மூட்டுவலியைப் பற்றி அவ்வளவு அக்கறையாக அதற்கு முன் யாரும் விசாரித்ததில்லை. ஒரு ரொட்டியை அவள் வாங்கி முடித்தபோது வெயில் வந்துவிட்டது.

மத்தியானம் மேலே போனபோது அவளுடைய வரிசைகள் எல்லாம் மொட்டை. கடைசிக் கொடி வரை காலி. சொலேனின் மேஸ்திரி கஸ்பார் தொப்பியைக் கழற்றிக் கையில் பிசைந்துகொண்டு நின்றான். பனி, புதுக் கம்பம், பூச்சு இல்லை என்று எதையோ சொன்னான். ஓதீல் கத்தினாள். கத்துவதென்று தீர்மானித்துக்கொண்டுதான் வந்திருந்தாள். ஆனால் தன் கை படாமல் உரித்தெடுக்கப்பட்டு நின்ற கொடிகளைப் பார்த்தபோது வந்த அழுகை தீர்மானித்ததல்ல. நான்தான் விட்டுக்கொடுத்தேன், எனக்கு எதற்கு இந்த அழுகை என்று அவளுக்கே எரிச்சலாக வந்தது.

சொலேன் டிராக்டரில் வந்து இறங்கினாள். காலியான வரிசைகளை ஒரு பார்வை பார்த்தாள். அக்காவை ஒரு பார்வை பார்த்தாள்.

"தப்பு எங்களோடது, அக்கா. நாளைக்கு உன் ஆளுங்களைக் கூட்டிட்டு வந்து என் பக்கம் பறிச்சுக்கோ. முழுசும்."

கொஞ்சம் தயங்கியிருக்கலாம். ஒரு பேச்சுக்காவது, எதுக்குடி, இருக்கட்டும் என்று சொல்லியிருக்கலாம். தங்கை பேச்சை முடிப்பதற்குள் ஓதீல் சரி என்றுவிட்டாள்.

மறுநாள் தெற்குப் பக்கத்தில் முதல் குலையை அவளே வெட்டினாள். ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டாள். தேன். இத்தனை வருடமாக இதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்னொன்றைப் பிய்த்து அஷீலின் வாயில் திணித்து, எப்படி என்றாள். அவன் நிதானமாக மென்றான்.

"திராட்சை" என்றான்.

அந்த வருடம் ஓதீல் தொட்டியை விட்டு நகரவில்லை. பிள்ளைத்தாய்ச்சியை வீட்டில் வைத்திருப்பது போலத்தான் நடந்துகொண்டாள். கொதிப்பு தொடங்கியதும் காலையில் அமுக்கினாள், முற்பகலில் அமுக்கினாள், மத்தியானம் அமுக்கினாள். கைக்கு வேலை இல்லாத நேரத்தில் இன்னொரு தடவை அமுக்கினாள். கொஞ்சம் சும்மா விடேன், அமுக்க அமுக்கத் தோலின் துவர்ப்புதான் இறங்கும், அது பாட்டுக்கு ஆகட்டும் என்று அஷீல் சொன்னான். தெற்குப் பக்கத்துத் திராட்சை கையில் கிடைத்திருக்கும்போது யாராவது சும்மா விடுவார்களா? பிழியும்போது கடைசிச் சொட்டு வரை பிழிந்தாள். அதிலும் ஒரு சொட்டை வீணாக்க அவளுக்கு மனம் வரவில்லை. எல்லாவற்றையும் புதுப் பீப்பாய்களில் நிரப்பினாள்.

அறுவடை முடிந்த விருந்து வழக்கம்போல ஊர் மண்டபத்தில் நடந்தது. நீள மேசைகள், ஒயினில் வெந்த மாட்டிறைச்சி, பாலாடைக்கட்டி போட்ட உப்பலான பலகாரம், மேசைக்கு மேசை கை மாறும் புட்டிகள். மாறிப் பறித்த கதை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இந்த வருடம் வடக்குக் காற்று என்று குறை சொல்லப்போவது சொலேன்தான் என்று ஒருவர் சீண்டினார். எல்லோரும் சிரித்தார்கள். சொலேனும் சிரித்தாள். ஓதீல் சிரித்துவிட்டு எழுந்து நின்றாள்.

வசந்தத்தில் புவாசோ வரும்போது இரண்டு ஒயினையும் பெயர் சொல்லாமல் அவருக்கு ஊற்றுவோம், என் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றாள். மாற்றிப் பறித்த விஷயத்தை அதுவரைக்கும் அவரிடம் யாரும் மூச்சு விடக்கூடாது, தெரிந்தால் நாக்கு ஓரவஞ்சனை செய்யும் என்றாள். பதினோரு வருடமாக நான் சொன்னது பொய்யா மெய்யா என்பதை அவர் வாயால் கேட்டுக்கொள்ளுங்கள் என்று ஊரைப் பார்த்துச் சொன்னாள். மண்டபம் கைதட்டியது.

"சரிக்கா" என்றாள் சொலேன். அவ்வளவுதான் சொன்னாள்.

அந்தக் குளிர்காலம் ஓதீலுக்கு நல்ல காலம். உறக்கம் நன்றாக வந்தது. ஜன்னல் வழியே தங்கை வீட்டை எட்டிப் பார்க்கும் வழக்கம் தானாகவே நின்றுபோயிற்று. வடக்குப் பக்கத்துத் திராட்சையை வைத்துக்கொண்டு அந்தப் பெண் என்ன பாடுபடுகிறாளோ என்று ஒருநாள் இரக்கம்கூட வந்தது. ஒரு புட்டி பிளம் ஜாம் கொடுத்தனுப்பினாள். புவாசோ கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்துத் திரும்பப்போகும் அந்தக் கணத்தை, அப்போது சொலேனின் முகம் போகப்போகும் போக்கை, அடுப்படியில் நின்றபடி பலமுறை பார்த்தாள். ஒவ்வொரு முறையும் இனித்தது. பொறாமைக்காரிக்கும் நிம்மதி உண்டு, அடுத்தவள் விழப்போகிறாள் என்று நிச்சயமாகத் தெரிந்தால் போதும்.

மார்ச் மாதம் புவாசோ வந்தார். ஓதீலின் நிலவறையில் நாலு பேர்தான்: அவர், அக்கா, தங்கை, அஷீல். அஷீல் மேலே சமையலறையில் வைத்து இரண்டு கோப்பைகளில் ஊற்றி, சொலேனின் கோப்பைக்கு மட்டும் அடியில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டு, தட்டில் வைத்து எடுத்து வந்தான். எது எது என்று கீழே இருந்தவர்களுக்குத் தெரியாது.

புவாசோ முதல் கோப்பையை எடுத்தார். முகர்ந்தார். வாயில் வைத்துச் சுழற்றினார். கன்னம் இரண்டும் உள்ளே இழுத்துக்கொண்டன. நல்ல பழம்தான் என்று முனகிவிட்டு வாளியில் துப்பினார். இரண்டாவதை எடுத்தார். முகர்ந்ததும் ஒருமுறை நிறுத்தி, மறுபடி முகர்ந்தார். வாயில் வைத்தார். வாளியின் பக்கம் குனியவில்லை. விழுங்கிவிட்டார்.

ஒரு காலையில் எத்தனையோ நிலவறை ஏறி இறங்கும் மனிதர் விழுங்கினார் என்றால் அதற்குமேல் ஒரு வார்த்தை தேவையில்லை. ஓதீல் ஓரடி முன்னால் வந்தாள். இதோ. இதுதான் தெற்கு. இதுதான் என்னுடையது.

"எது யாரோடதுன்னு சொல்ல முடியுமா?" என்று கேட்டாள். குரலில் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் கேட்டாள்.

புவாசோவுக்கு இது ஒரு கேள்வியாகவே படவில்லை. "இதுல யோசிக்க என்ன இருக்கு, மேடம்? இப்ப குடிச்சது சொலேனோடது. முன்னாடி குடிச்சது உங்களோடது."

அஷீல் இரண்டாவது கோப்பையை மெல்லத் தூக்கித் திருப்பினான். அடியில் வெள்ளைக் கோடு இருந்தது.

ஓதீலின் முகத்தைப் பார்த்துப் புவாசோவுக்குச் சங்கடமாகிவிட்டது. நல்ல மனிதர், சொன்னேனே. அவளருகே வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"மனசைத் தளரவிடாதீங்க, மேடம். நீங்க என்ன பண்ணுவீங்க பாவம். உங்க பாடு யாருக்குத் தெரியாது? அந்த வடக்குப் பக்கம் அப்படி. நீங்களேதான் எத்தனை வருஷமா சொல்லிக்கிட்டு இருக்கீங்க."

அஷீல் கூரையைப் பார்த்தான். சொலேன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அக்காவுடையதுதான் தெற்குப் பக்கத்துப் பழம், ஐயா, வடக்கு என்னிடம் இருந்தது என்று ஒரே ஒரு வாக்கியம். அவளுக்கு அதற்கு எல்லா உரிமையும் இருந்தது. அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றாள். தங்கை ஜெயித்ததைக்கூட ஓதீல் பொறுத்திருப்பாள். அந்தச் சும்மாயிருத்தலைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. பிச்சை போட்டது போல இருந்தது.

அஷீல் தரகரை வாசல் வரை வழியனுப்பப் போனான். அக்காவும் தங்கையும் பீப்பாய்களுக்கு நடுவே தனியே நின்றார்கள்.

"சொல்லியிருக்கலாமே" என்றாள் ஓதீல். "சந்தோஷமா சொல்லியிருக்கலாமே. அவர் வாயைப் பிளந்திருப்பாரு."

"அவர் தெரிஞ்சுக்கிட்டு எனக்கு என்னக்கா ஆகணும்? நான்தான் தெரிஞ்சுக்கணும்னு இருந்தேன்." சொலேன் ஒரு பீப்பாயின் மேல் சாய்ந்துகொண்டாள். "அன்னைக்குக் காலையில கஸ்பாருக்கு இந்தப் பக்கம்னு கை காட்டினதே நான்தான்."

ஓதீலுக்கு முதலில் புரியவில்லை.

"பனியாவது கம்பமாவது. கண்ணைக் கட்டிவிட்டாலும் எனக்கு அந்த இடம் தெரியாதா? வேணும்னுதான் உன் பக்கத்துல இறக்கிவிட்டேன். இறக்கிவிட்டதும் பயமாயிடுச்சு. அப்புறம் உன் வண்டி மேட்டுல ஏறுற சத்தம் கேட்டுது. சரி, இப்ப வந்து கத்துவா, நிறுத்திடுவோம்னு நின்னேன். நீ கத்தலை. வண்டி திரும்பிப் போற சத்தமும் கேக்கலை, போய்ப் பாத்தா வண்டியே இல்லை. அப்பதான் தெரிஞ்சுது, நீயும் மாத்திப் பாக்கணும்னு இருக்கேன்னு."

ஓதீலின் முகம் காது வரை சுட்டது. ரொட்டிக் கடையில் அவள் நின்ற நிலை, கொடிகளின் நடுவே போட்ட கூச்சல், எல்லாம் இவளுக்குத் தெரிந்தே நடந்திருக்கிறது. பனி மூடியது ஓதீலின் கண்ணை மட்டும்தான்.

"எதுக்குடி?" என்றாள். "உனக்குத்தான் எல்லாம் கிடைச்சிருந்துச்சே. உனக்கு எதுக்கு இந்தச் சோதனை?"

"நீ சொல்லிச் சொல்லித்தான்." சொலேனின் குரல் உடைந்தது. "யாராவது என் ஒயினை நல்லாருக்குன்னு சொன்னா போதும், காதுக்குள்ள உன் குரல் கேக்கும். அது தெற்குப் பக்கம், அவ என்னத்தைக் கிழிச்சான்னு. கொஞ்ச வருஷத்துல நானே நம்ப ஆரம்பிச்சுட்டேன். ஒரு பாராட்டு முழுசா உள்ள இறங்கினதில்லைக்கா எனக்கு. நான் தெற்கு எடுத்ததே என் வீட்டுலேர்ந்து நடக்குற தூரம் கம்மின்னுதான். அதுல வெயில் முன்னாடி விழும்கறதையே நீ சொல்லித்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஏளனம் ஒரு துளி இல்லை. பெரிய பாரத்தை இறக்கிவைத்தவளின் சிரிப்பு அது. அந்தப் பாரம் எங்கே இறங்கியிருக்கிறது என்று ஓதீலுக்குத் தெரிந்தது.

சொலேன் கிளம்பினாள். படியில் காலை வைத்துவிட்டு, ஏதோ கடையில் சில்லறை மாற்றித் தருகிறேன் என்பது போல அவ்வளவு எளிதாகச் சொன்னாள்.

"உனக்கு வேணும்னா பக்கத்தை மாத்திக்கலாம்க்கா. எப்பவும் நீயே தெற்கை வச்சுக்கோ. எனக்கு எதுன்னாலும் ஒண்ணுதான்."

அவள் போன பிறகும் ஓதீல் அங்கேயே நின்றாள். பொறாமை எங்கும் போய்விடவில்லை. உள்ளே முன்பைவிட மோசமாக எரிந்துகொண்டிருந்தது. முன்பெல்லாம் அது போய் நிற்பதற்கு ஓர் இடம் இருந்தது, சரிவு, வெயில், காற்று என்று. இப்போது அது அலைந்து அலைந்து தங்கையின் இரண்டு கைகளில் போய் நின்றது, எதுன்னாலும் ஒண்ணுதான் என்று சொல்ல முடிந்த அந்த வாயில் போய் நின்றது. அதைப் பங்கு கேட்க முடியாது.

அஷீல் திரும்பி வந்து கோப்பைகளைத் தட்டில் எடுத்து வைத்தான். கேலி செய்வான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் செய்யவில்லை. சொலேன் என்ன சொல்லிவிட்டுப் போனாள் என்று மட்டும் கேட்டான்.

"தெற்குப் பக்கத்தை எனக்கே தரேங்கறா. நிரந்தரமா."

"வாங்கிக்கிட்டியா?"

ஓதீல் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"அதுல என்ன இருக்கு, அஷீல்?" என்றாள். "வெறும் மண்ணுதானே."

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது என்ன என்று அவள் காதில் விழுந்தது. பீப்பாயைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.